17, 10, 14: இந்தப் புள்ளிகள் உங்களைப் பற்றி என்ன சொல்கின்றன?

கடிதத்தின் சுருக்கம்

தருமபுரி மாவட்டத்திலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு வயது 36. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவர் பாலக்கோடு பக்கம் தக்காளி மண்டி வைத்திருக்கிறார். இரண்டு பிள்ளைகள். இவர் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர். நிலத்தை விற்றது தொடர்பான சண்டையில் அப்பாவோடு இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்திருக்கிறார். சமாதானம் ஆவதற்குள், போன வருடம் ஆடி மாதம் அப்பா மாரடைப்பில் இறந்துவிட்டார். அதன்பிறகு தூக்கம் போனது. தையல் மெஷின் பக்கமே போகவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மறுபடி படுத்துவிடுவாராம். மனநல மருத்துவர் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். கூடவே தருமபுரி டவுனில் ஓர் உளவியலாளரிடம் ஆறு மாதமாகப் போய்வருகிறார். 14 அமர்வுகள் முடிந்திருக்கின்றன.

அவ்வப்போது ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் வாட்ஸ்அப்பில் வரும், அதுவும் கணவரின் போனுக்கு. முதலில் வந்த கூட்டுத்தொகை 17. மூன்றாம் மாதம் 10. இப்போது 14. இதே நேரத்தில் ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் இவருடைய தம்பி, ஓயாமல் கை கழுவும் தொல்லைக்காக அங்கேயே சிகிச்சை எடுத்துவருகிறார். அவருக்கு மூன்றே மாதத்தில் 28-லிருந்து 16-க்கு வந்துவிட்டது. "மார்க்கும் ஏறுது, காசும் போவுது, அப்பறம் எதுக்கு பஸ் ஏறி ஏறிப் போற?" என்கிறார் கணவர். உளவியலாளரை நேரில் பார்த்து, "என்னதான் எழுதி வச்சிருக்காங்க" என்று கோப்பைக் காட்டச் சொல்லிக் கேட்கப்போவதாகவும் சொல்கிறார்.

வாசகி கேட்பது நான்கு கேள்விகள். என் சிகிச்சை தோற்றுவிட்டதா? தம்பிக்குக் கொடுக்கும் சிகிச்சைக்கு நானும் மாறிவிடலாமா? கணவர் கேட்டால் கோப்பைக் காட்டிவிடுவார்களா? மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறேன், முழுவதும் நிறுத்திவிடலாமா?

பதில்

அன்புச் சகோதரிக்கு,

நான்கு கேள்விகளுக்கும் வருகிறேன். ஆனால் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் நீங்கள் எழுதியிருந்த இரண்டு வரிகளில்தான் நான் தொடங்கியாக வேண்டும். "சில ராத்திரி அப்பாகூடவே போயிருக்கலாமோன்னு தோணும். ஆனா அந்த ஒன்பதாவது கேள்விக்கு எப்பவும் பூஜ்யம்தான் போடுவேன், போன் அவர் கையில இருக்கும்ல." செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவோ தோன்றியதா என்று கேட்பதுதான் அந்த ஒன்பதாவது கேள்வி.

இப்படி ஒரு நினைப்பு வருவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. துக்கத்தில் இருக்கும் பலருக்கு வருகிறது. ஆனால் இது உங்கள் உளவியலாளருக்கும் மருத்துவருக்கும் தெரிந்தே ஆக வேண்டும். அடுத்த அமர்வுவரை தள்ளிப்போடாமல் நாளைக்கே போன் செய்து சொல்லுங்கள். அந்த நினைப்பு எப்படி, எப்போது என்று திட்டமாக மாறுகிற மாதிரி தோன்றினால் தனியாக இருக்கவே கூடாது. யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். நடு ராத்திரி என்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம். 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது. தோட்டத்துப் பூச்சிமருந்து, மிச்சமிருக்கும் மாத்திரைகள் போன்றவற்றைக் கொஞ்ச நாளைக்கு வேறொருவர் பொறுப்பில் வைக்கச் சொல்லுங்கள். இவ்வளவையும் செய்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

அந்த மூன்று எண்கள்

நீங்கள் நிரப்பும் படிவத்தின் பெயர் பி.எச்.கியூ-9. 2001-ல் வெளியான இந்தப் படிவம் இன்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, அசதி, ஆர்வம், தன்னைப் பற்றிய எண்ணம் எல்லாம் எப்படி இருந்தன என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. மொத்தம் 27. 5 முதல் 9 வரை லேசான மனச்சோர்வு, 10 முதல் 14 வரை நடுத்தரம், 15 முதல் 19 வரை ஓரளவு கடுமை, 20-ம் அதற்கு மேலும் கடுமை என்று பிரித்திருக்கிறார்கள்.

இப்போது உங்கள் எண்களைப் பாருங்கள். 10-ம் 14-ம் ஒரே படியில்தான் இருக்கின்றன. நீங்கள் தொடங்கிய 17 அதற்கு மேல்படி. இந்தப் படிவத்தில் 5 புள்ளியாவது கூடினாலோ குறைந்தாலோதான் நிலைமையில் உண்மையான மாற்றம் இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்வோம். 10-லிருந்து 14-க்குப் போனது 4 புள்ளி. அதனால் ஏறியதை வைத்து யாரும் உங்களைப் பயமுறுத்த வேண்டியதில்லை. அதே கணக்கின்படி, 17-லிருந்து 14-க்கு 3 புள்ளி இறங்கியதைப் பெரிய முன்னேற்றம் என்றும் நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒரு பக்கத்துக் கணக்கை மட்டும் சொல்வது நியாயமாகாது.

ஆனால் அந்த 10 எப்படி வந்தது? நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "மேடம் சந்தோஷப்படுவாங்கன்னு கொஞ்சம் குறைச்சுப் போட்டேன்." அப்படியானால் மூன்றாம் மாதம் உங்கள் உண்மையான எண் 12-ஆக இருந்திருக்கலாம், 14-ஆகவே இருந்திருக்கலாம். அந்த ஒன்பதாவது கேள்வியை விட்டுவிட்டால், இப்போது வந்திருக்கும் 14 ஒருவேளை நீங்கள் அந்தப் படிவத்தில் சொன்ன முதல் உண்மையாக இருக்கும். நல்ல பிள்ளையாகத் தேறிக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் நம் ஊரில் மருத்துவரைப் பார்க்கப் போகும் எல்லோருக்கும் உண்டு. "எப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டதும் "பரவாயில்லை சார்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். மனநலப் படிவத்தில் அந்தப் "பரவாயில்லை" உங்களுக்கே கெடுதலாக முடியும். அந்த எண்ணை வைத்துத்தான் அடுத்து என்ன செய்வது என்று முடிவு செய்கிறார்கள். 10 என்று பார்த்த உளவியலாளர், சரியான திசையில்தான் போகிறோம் என்று நினைத்திருப்பார். அவர்மேல் அதில் தப்பில்லை.

இன்னும் இரண்டு காரணங்கள் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. 10 வந்த தைரியத்தில் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட ஆரம்பித்தீர்கள். 14 வந்த வாரம், அப்பாவின் வருஷத் திதி முடிந்த வாரம். இறந்தவரின் முதல் வருட நாள் நெருங்கும்போது, அடங்கியிருந்த துக்கம் திரும்பக் கிளம்புவது வழக்கமான ஒன்று. படிவம் கேட்பதோ கடைசி இரண்டு வாரத்தை மட்டும். உங்கள் கணவர் மண்டிக்காரர், இதை அவர் கணக்கிலேயே சொல்லிப் பாருங்கள். ஒரு நாள் பெட்டி விலை சரிந்தால் பருவமே நட்டம் என்று அவர் எழுதிவிடுவாரா? அன்றைக்கு வரத்து எவ்வளவு, வெளியூர் வண்டி வந்ததா, மழையா என்று பார்ப்பார், நான்கைந்து சந்தை போகட்டும் என்பார். அந்தப் பொறுமைதான் இங்கேயும் வேண்டும்.

ஒன்பது கேள்விகளுக்குக் கீழே பத்தாவதாக ஒன்று இருக்கும். இந்தத் தொந்தரவுகளால் வேலை செய்யவும், வீட்டைக் கவனிக்கவும், மற்றவர்களோடு பழகவும் எவ்வளவு சிரமமாக இருந்தது என்று அது கேட்கும். அதற்குப் புள்ளி கிடையாது, கூட்டுத்தொகையில் சேராது. அதனாலேயே பலர் அதைக் கண்டுகொள்வதில்லை. எனக்கோ பல நேரம் அதுதான் முதலில் பார்க்க வேண்டிய கேள்வியாகத் தெரியும். தீபாவளிக்கு ஒரு ஜாக்கெட்கூட தைக்காத நீங்கள், போன மாதம் மூன்று பேருக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். அக்கா வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்குப் போய் இரண்டு நாள் தங்கியிருக்கிறீர்கள். இவற்றைக் கணவரைப் பற்றிப் புகார் சொல்லும் பத்தியில், நடுவில், ஒன்றுமில்லாத விஷயம்போல எழுதியிருக்கிறீர்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் இரண்டுமே உங்களால் முடியாத காரியங்கள்.

அசதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தூக்கம், அசதி, பசி மூன்றும் உடம்புக் கோளாறாலும் வரும். ரத்தசோகை, தைராய்டு இரண்டும் உங்கள் வயதுப் பெண்களிடம் அடிக்கடி பார்ப்பவை. ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச். பரிசோதனை இதுவரை செய்யவில்லை என்றால் மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ரத்தம் குறைவாக இருப்பதால் வரும் 3 புள்ளியை எத்தனை அமர்வு பேசினாலும் குறைக்க முடியாது.

தம்பியின் 16

தம்பியின் எண் வேறு அளவுகோலில் வந்தது. ஒய்-பாக்ஸ் என்பார்கள். 1989-ல் வந்தது, ஓ.சி.டி. என்கிற எண்ணச் சுழற்சி நோய்க்கென்றே அமைந்தது. பத்துக் கேள்விகள், மொத்தம் 40. நீங்கள் உங்கள் படிவத்தை நீங்களே நிரப்புகிறீர்கள். தம்பிக்கோ பெரும்பாலும் சிகிச்சையாளர் எதிரில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் இந்த எண்ணம் வருகிறது, கழுவாமல் இருக்க முயன்றீர்களா, முடிந்ததா என்று துருவிக் கேட்டு அவரே புள்ளி போட்டிருப்பார். 28 என்பது கடுமை. 16 நடுத்தரத்தின் தொடக்கம். இந்த அளவுகோலில் 35 சதவீதம் குறைந்தால் சிகிச்சை வேலை செய்கிறது என்று பொதுவாக ஏற்றுக்கொள்வோம். தம்பிக்கு 40 சதவீதத்துக்கு மேலேயே குறைந்திருக்கிறது. நல்ல செய்தி, அவருக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். ஆனால் அவருடைய 16-ம் உங்களுடைய 14-ம் ஒரே கணக்கில் வராதவை.

அளவுகோல் மட்டுமல்ல, சிகிச்சையும் வேறு. பஸ் கம்பியைப் பிடிக்கச் சொல்லி, கை கழுவாமல் அந்தப் பதற்றத்தைத் தாங்கச் சொல்லிப் பழக்குகிறார்கள். பதற்றத்துக்கு 0 முதல் 100 வரை அவரையே எண் சொல்லச் சொல்வார்கள். நாளுக்கு நாள் எத்தனை முறை கழுவினார், எத்தனை நிமிடம் என்று நோட்டில் ஏறும். கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு செயலைக் குறைப்பது அங்கே இலக்கு, ஆகவே அளப்பது சுலபம். சிகிச்சைக்குச் சிகிச்சை அளவு மாறும். எண்ணங்களையும் நடத்தையையும் சீராக்கும் சி.பி.டி.யில் உங்கள் படிவத்தோடு எண்ணக் குறிப்பேடும் பார்ப்பார்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் உந்துதல் உள்ளவர்களுக்கான டி.பி.டி.யில் தினமும் ஓர் அட்டையை நிரப்ப வேண்டும். குடும்பமாக வருபவர்களிடம் ஒரே கேள்வியை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்போம், பதில்கள் நெருங்கி வருகின்றனவா என்று பார்ப்போம்.

தம்பியின் சிகிச்சை உயர்ந்தது, உங்களுடையது வெறும் பேச்சு என்று நினைத்துவிட்டீர்கள். அது சரியில்லை. ஓ.சி.டி.க்கு அந்தப் பயிற்சிதான் முதல் தேர்வு, உங்கள் நிலைமைக்கு அதில் செய்ய ஒன்றும் இல்லை. மனச்சோர்வுக்கோ, முறையாகக் கற்றவர் செய்யும் பல வகைப் பேச்சு சிகிச்சைகள் ஏறத்தாழ ஒரே அளவுக்குப் பலன் தருகின்றன என்றுதான் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

பேசுவதில் எதை அளப்பது?

பேசினால் பலன் உண்டா என்ற சந்தேகம் உங்கள் கணவருக்கு மட்டும் வந்ததல்ல. 1952-ல் லண்டனில் ஹான்ஸ் ஐசென்க் என்ற உளவியலாளர், பேச்சு சிகிச்சை எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட அதிகமாகத் தேறியதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார். பெரிய சர்ச்சை கிளம்பியது. 1977-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் மேரி ஸ்மித், ஜீன் கிளாஸ் இருவரும் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் திரட்டிக் கூட்டிப் பார்த்து, பலன் இருக்கிறது என்று காட்டினார்கள். இடையில் 1950-களில், சிகாகோவில் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸும் அவரோடு பணியாற்றியவர்களும் செய்த ஒரு முறை எனக்கு மிகவும் பிடிக்கும். தன்னைப் பற்றிய 100 வாக்கியங்களை அட்டைகளில் எழுதிக் கொடுப்பார்கள். "நான் இப்போது இப்படி இருக்கிறேன்" என்று ஒரு முறையும், "நான் இப்படி இருக்க ஆசைப்படுகிறேன்" என்று ஒரு முறையும் அவற்றை வரிசைப்படுத்தச் சொல்வார்கள். சிகிச்சை முன்னேற முன்னேற இரண்டு வரிசைகளும் ஒன்றுக்கொன்று நெருங்குகின்றனவா என்று பார்ப்பார்கள். தூக்கத்தையும் பசியையும் தாண்டி, ஒருவர் தன்னையே எப்படிப் பார்க்கிறார் என்பதை அளக்க நடந்த முயற்சி அது.

உங்களுக்கும் அளக்க வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன். உங்கள் கடிதத்தில் "அசதி" ஒரு முறை வருகிறது. "நான் அப்பாவைக் கொன்னுட்டேன்" என்ற பொருளில் வரும் வரிகளை எண்ணவே முடியவில்லை. பி.எச்.கியூ-9 மனச்சோர்வைக் கேட்கும், துக்கத்தைக் கேட்காது. அப்பாவின் ஏக்கம் எத்தனை நேரம் பிடித்துவைக்கிறது, அவர் பேச்சை எடுத்தாலே ஓடிவிடத் தோன்றுகிறதா, அந்தச் சாவை மனம் ஏற்றுக்கொண்டதா என்று கேட்கும் படிவங்கள் தனியாக உண்டு. 2022-ல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாட்டில் நீடித்த துயரக் கோளாறு என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு, இறப்பு நடந்து ஒரு வருடம் கழிந்த பிறகும் ஏக்கம் அன்றாட வாழ்க்கையை முடக்கினால் அதைப் பற்றி யோசிக்க வேண்டும். உங்களுக்கு அது இருக்கிறது என்று கடிதத்தைப் பார்த்து நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. "என் துக்கத்தைத் தனியாக அளந்து பார்க்க முடியுமா மேடம்?" என்று உங்கள் உளவியலாளரைக் கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

நீங்களே அளவுகோல் செய்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. 1968-ல் அமெரிக்காவில் கிரேசுக், ஷெர்மன் என்ற இருவர் உருவாக்கியது. சிகிச்சை எதற்காக என்பதை நோயாளியே தன் வாயால் சொல்லி, ஐந்து படியாகப் பிரித்து எழுதிவைப்பது. உங்களுக்கு உதாரணமாகச் சொல்கிறேன்: அப்பா வாழ்ந்த வீட்டுக்குப் போவது. அந்தத் தெருப்பக்கமே போக முடியவில்லை என்றால் கழித்தல் 2. வாசல்வரை போய்த் திரும்பிவிட்டால் கழித்தல் 1. உள்ளே போய் அம்மாவோடு ஒரு மணி நேரம் உட்கார முடிந்தால் 0, அதுதான் எதிர்பார்க்கும் இலக்கு. அவருடைய அறையில் அவர் பொருள்களைத் தொட்டுப் பார்க்க முடிந்தால் 1. அம்மாவோடு அந்தச் சண்டையைப் பற்றி நொறுங்கிப்போகாமல் பேச முடிந்தால் 2. இப்படி இரண்டு மூன்று இலக்குகளை உளவியலாளரோடு சேர்ந்து எழுதுங்கள். மாதம் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். கணவரிடமும் காட்டலாம் என்று தோன்றினால் இதைக் காட்டுங்கள். அவருக்கு இது 14-ஐவிட நன்றாகப் புரியும்.

இங்கே இன்னொன்றும் அளக்க வேண்டும்: உங்களுக்கும் உளவியலாளருக்கும் இடையில் இருக்கும் பிடிப்பு. எதை நோக்கிப் போகிறோம் என்பதில் ஒத்துப்போகிறோமா, போகும் வழி எனக்குச் சரியாகப் படுகிறதா, இவர் என்னைப் புரிந்துகொள்கிறார் என்ற நம்பிக்கை இருக்கிறதா. 1979-ல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின் வகுத்த இந்த மூன்றும்தான் இன்றுவரை பயன்படுகின்றன. எந்த வகைச் சிகிச்சையானாலும் பலனோடு தொடர்புள்ளவை. "சின்ன வயசுக் கதையெல்லாம் ஏன் கேக்குறாங்கன்னே தெரியல, கேக்கவும் பயமா இருக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். பயப்படாமல் கேளுங்கள். காரணத்தை உங்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டியது அவர் கடமை.

மனதைத் திறந்து பேசும்போது நடுவில் சில வாரம் பாரம் கூடுவது உண்டு. ஆனால் "முதல்ல மோசமாகும், அப்பறம் சரியாகும்" என்று யாராவது சொன்னால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். சிகிச்சையில் இருக்கும்போதே மோசமாகிறவர்களும் உண்டு, அதைச் சிகிச்சையாளர்கள் பல நேரம் கவனிப்பதில்லை. அமெரிக்காவில் மைக்கேல் லாம்பர்ட்டின் குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சிகிச்சைக்கு வந்த 550 பேரில் யார் யார் மோசமாவார்கள் என்று சிகிச்சையாளர்களையே கணிக்கச் சொன்னார்கள். 3 பேர் என்றார்கள். உண்மையில் மோசமானவர்கள் 40 பேர். இதனால்தான் சிகிச்சையாளர்களான எங்களுக்கே இந்தப் படிவங்கள் தேவைப்படுகின்றன. எங்கள் மனதுக்கு எல்லோரும் தேறிவருவதாகவே தோன்றும், நீங்கள் உண்மையாக நிரப்பும் தாள்தான் எங்களை நிறுத்தி யோசிக்கவைக்கும். அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை எண் ஏறினால் திட்டத்தை மறுபடி பார்த்தே ஆக வேண்டும்.

கணவரும் கோப்பும்

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-ன் 23-வது பிரிவு, உங்கள் சிகிச்சை விவரங்கள் ரகசியமாக இருப்பது உங்கள் உரிமை என்கிறது. உங்களுக்குச் சிகிச்சை தருகிறவர்கள் அதைக் காக்கக் கடமைப்பட்டவர்கள். கணவர் என்பதாலேயே கோப்பைக் காட்டச் சொல்லிக் கேட்கும் உரிமை வந்துவிடாது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு, வேறொரு மருத்துவர் சிகிச்சைக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது, நீங்களே நியமித்த பிரதிநிதியின் கடமைக்குத் தேவையானது என்று சில விதிவிலக்குகள் உண்டு. அதிலும் தேவையான அளவுதான் சொல்லலாம். மறுபக்கம், 25-வது பிரிவின்படி உங்கள் அடிப்படை மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. புள்ளிகள் எந்தத் தேதியில் எவ்வளவு என்ற விவரத்தை உளவியலாளரிடம் தயங்காமல் கேளுங்கள்.

சட்டம் இப்படி. ஆனால் சட்டப் பிரிவை எடுத்துக் கணவர்முன் நீட்டச் சொல்லமாட்டேன். உங்கள் கடிதத்தில் அவர் கெட்டவராகத் தெரியவில்லை. மண்டி வேலையை விட்டுவிட்டு மூன்று முறை உங்களை வண்டியில் அழைத்துப்போயிருக்கிறார். ஒவ்வொரு முறையும் 800 ரூபாய் எதற்குப் போகிறது என்று அவருக்கு யாரும் விளக்கவில்லை. ஓர் அமர்வின் பாதி நேரத்துக்கு அவரை அழைத்து வரலாமா என்று உளவியலாளரிடம் கேளுங்கள். என்ன பேசலாம், எதைப் பேசக் கூடாது என்பதை நீங்களும் உளவியலாளரும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பொதுவாகப் பதில் சொல்ல எந்த உளவியலாளருக்கும் தெரியும்.

ஆனால் படிவம் மட்டும் இனி அவர் போனுக்கு வரக் கூடாது. அமர்வுக்குப் பத்து நிமிடம் முன்னால் போய், அங்கேயே தாளில் நிரப்பிக் கொடுக்கிறேன் என்று சொல்லுங்கள். இன்னொருவர் பார்ப்பார் என்று தெரிந்தால் யாராலும் ஒன்பதாவது கேள்விக்கு உண்மையை எழுத முடியாது.

மாத்திரை

நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவதையும் இன்றோடு விட்டுவிடுங்கள். மருத்துவரை அழைத்து நடந்ததைச் சொல்லி, இப்போது எப்படிப் போட வேண்டும் என்று கேளுங்கள், அவர் திட்ட மாட்டார். மனச்சோர்வு மாத்திரைகளைச் சட்டென்று குறைத்தால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கம் கெடுவது, உடம்பில் மின்சாரம் பாய்ந்ததுபோல் வெட்டுவது எல்லாம் வரலாம். "நோய் திரும்பிடுச்சு" என்று நீங்கள் பயந்தது இதனாலும் இருக்கலாம். நன்றாகத் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வதுதான் வழக்கம். நிறுத்தும்போதும் படிப்படியாகத்தான். மாத்திரையும் பேச்சும் சேர்ந்து நடக்கும்போது புள்ளி எதனால் குறைந்தது என்று தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. அதனாலேயே மாத்திரையை மாற்றினால் உளவியலாளருக்கும், பேச்சு சிகிச்சையை மாற்றினால் மருத்துவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மாறிவிடலாமா?

இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. காரணம், இந்தச் சிகிச்சைக்கு உங்களிடமிருந்து முழு உண்மை இன்னும் போகவே இல்லை. புதிதாக ஒருவரிடம் போனாலும் அதே பூஜ்யத்தைத்தான் போடுவீர்கள். அமெரிக்க உளவியலாளர் கென்னத் ஹோவர்டும் குழுவினரும் 1986-ல் தொகுத்த கணக்கில், 8 அமர்வுகளுக்குள் ஏறத்தாழ பாதிப் பேருக்கும், 26 அமர்வுகளுக்குள் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கும் முன்னேற்றம் தெரிந்தது. உங்களுடைய 14 அமர்வு என்பது கைவிட வேண்டிய இடம் இல்லை. கேள்வியே கேட்காமல் தொடரும் இடமும் இல்லை.

அடுத்த முறை போகும்போது நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தின் நகலையே உளவியலாளர் கையில் கொடுத்துவிடுங்கள். வாயால் சொல்ல வராததெல்லாம் அதில் இருக்கிறது. பிறகு ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள்: இன்னும் ஆறு அமர்வு, தாளில், உண்மையாக. அதற்குள் எண், தொடங்கிய 17-லிருந்து 5 புள்ளி குறைந்து 12-க்கு வந்தாலோ, நீங்கள் எழுதிய இலக்குகளில் ஒன்றாவது ஒரு படி மேலே போனாலோ தொடருங்கள். நாளடைவில் எண் 17-ல் பாதியாக, 8 அல்லது 9-க்கு வர வேண்டும். 5-க்குக் கீழே போனால் அறிகுறிகள் ஏறத்தாழ நீங்கிவிட்டன என்று பொருள். ஆறு அமர்வுக்குப் பிறகும் எண், இலக்கு இரண்டுமே அசையவில்லை என்றால் முறையை மாற்றச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. தினமும் சிறு சிறு வேலைகளைத் திட்டமிட்டுச் செய்யவைக்கும் முறை, உறவுகளையும் இழப்பையும் மையமாக வைக்கும் 12 முதல் 16 வார முறை, துக்கத்துக்கென்றே உள்ள சிகிச்சை என்று வழிகள் இருக்கின்றன. இவற்றில் எதில் அவருக்குப் பயிற்சி உண்டு என்றும், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் மருத்துவ உளவியலாளராகப் பதிவு செய்திருக்கிறாரா என்றும் கேட்கலாம். அப்படிக் கேட்பது அவமரியாதை ஆகாது.

வேறிடம் போவதென்றால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். ஒரு கடைசி அமர்வு வைத்து, இதுவரை நடந்ததையும் புள்ளிகளையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். பணம்தான் தடை என்றால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கட்டணம் இல்லாமல் பார்ப்பார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசகர்களைப் பற்றியும் அங்கேயே விசாரிக்கலாம். தம்பி ஓசூரில் இருப்பதால் பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸும் உங்களுக்கு எட்டாத தூரம் இல்லை. முந்தின நாள் தம்பி வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் கிளம்பினால் புறநோயாளிகள் பிரிவுக்குப் போய்விடலாம். எழுதி வாங்கிய அந்தத் தாளையும், போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைச் சீட்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.